புகைப்படம் வருவதற்கு முன் செம்பில் படம் வெட்டியவர்கள் வெறும் நகலெடுப்பவர்களா?

கேள்வி இதுதான்: கேமரா இல்லாத காலத்துப் புத்தகங்களில் இருக்கும் செடி, விலங்கு, எலும்புக்கூடு, தேச வரைபடம் எனப் பலவும் செம்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டவை. ஆராய்ந்தவர் ஒருவர், வரைந்தவர் இன்னொருவர். அப்படியிருக்க, நடுவில் தகட்டைச் செதுக்கியவருக்கு அறிவைப் பரப்பியதில் அப்படி என்ன பங்கு? நகல்தானே எடுத்தார்?

நகல்தான் எடுத்தார், சரி. ஆனால் நகல் என்றதும் நமக்கு ஜெராக்ஸ் கடை நினைவுக்கு வருவதால்தான் அது சின்ன வேலையாகத் தெரிகிறது. ஒரு படத்தை ஆயிரம் பேர் கையில் ஒரே மாதிரி கொண்டுபோய்ச் சேர்ப்பது மனித வரலாற்றில் வெகு காலம் முடியாத காரியமாகவே இருந்தது.

நம் ஊரில் ஏடு பெயர்த்து எழுதியதை நினைத்துப் பாருங்கள். ஒருவர் எழுதியதைப் பார்த்து அடுத்தவர், அவருடையதைப் பார்த்து இன்னொருவர் என்று போகப் போகப் பாடபேதம் வந்துவிடும். ஆனாலும் எழுத்துக்கு ஒரு காவல் உண்டு. செய்யுள் என்றால் தளை தட்டுகிற இடமே பிழையைக் காட்டிக்கொடுக்கும், மொழி தெரிந்தவர் ஊகித்துத் திருத்திவிடுவார். படத்துக்கு அந்தக் காவல் கிடையாது. இலை விளிம்பில் இருந்த பல்லை ஒருவர் மழுக்கி வரைந்துவிட்டால் அடுத்தவருக்கு அது மழுங்கிய இலைதான். அவர் அந்தச் செடியைக் கண்ணால் பார்த்திருக்கவே மாட்டார்.

முதல் நூற்றாண்டு ரோமானியர் பிளினி இதை வருத்தத்தோடு எழுதி வைத்திருக்கிறார். கிராட்டேவாஸ் போன்ற கிரேக்க மருத்துவர்கள் மூலிகைகளை வண்ணத்தில் வரைந்து கீழே குணம் எழுதினார்களாம். பெயர்த்து வரைந்தவர்களின் கைபட்டுப் படங்கள் கெட்டுப்போயின. அதனால் மற்ற பலர் படமே வேண்டாம் என்று எழுத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். அதாவது, படத்தை நம்ப முடியாது என்பதால் ஒரு துறையே படத்தைக் கைவிட்டது.

இதை முதலில் உடைத்தது மரக்கட்டை அச்சு. வெசாலியஸின் உடற்கூற்று நூல் (1543) முழுக்க மரக்கட்டைப் படங்கள்தான். ஆனால் மரத்தில் மை மேட்டில் ஒட்டுகிறது, நம் ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி. ஒரு மெல்லிய கோடு வேண்டுமென்றால் அந்தக் கோட்டை விட்டுவிட்டு இரண்டு பக்கமும் மரத்தைக் குடைந்து எடுக்க வேண்டும். கோடு ரொம்ப மெலிந்தால் அச்சில் உடைந்துவிடும். செம்பில் கதையே மாறுகிறது. கோட்டை நேரடியாக வெட்டுகிறோம். மை பள்ளத்துக்குள் இருக்கிறது. முடி கனத்துக்குக் கோடு வரும். பூச்சியின் கால் ரோமம், இலையின் கடைசி நரம்பு, கடற்கரையில் சின்னச் சின்ன வளைவு, எல்லாவற்றுக்கும் அப்போதுதான் இடம் கிடைத்தது.

பாத்திரக் கடையில் சீர்வரிசைப் பாத்திரத்துக்குப் பேர் வெட்டுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். ஐரோப்பாவிலும் இந்தத் தொழில் அப்படிப்பட்ட இடத்தில்தான் பிறந்தது, 15ஆம் நூற்றாண்டில், பொற்கொல்லர் பட்டறைகளில். கருவி ஒன்றேதான்: பூரின் என்கிற சின்ன உளி. சதுரமான எஃகுக் கம்பி, சாய்வாகத் தீட்டிய முனை, பின்னால் பாதி சீவிய காளான் மாதிரி ஒரு மரப்பிடி. பிடி உள்ளங்கையில் உட்காரும். உளியை இழுக்கக் கூடாது, தள்ள வேண்டும். கோடு வளைய வேண்டிய இடத்தில் கையைத் திருப்புவதில்லை. தோல் மெத்தை மேல் இருக்கும் தகட்டை இடது கை மெல்லத் திருப்பிக்கொடுக்கும். செம்பு ஒரு மெல்லிய சுருளாக உளிக்கு முன்னால் எழுந்து வரும்.

நான் அச்சுக்கலை படித்த நாட்களில் ஒரு அரசிலையை இப்படி வெட்டிப் பார்த்தேன். நடு நரம்பு மட்டும் ஒரு மதியம் தின்றது. உளி வழுக்கி இடது ஆள்காட்டி விரலில் இறங்கியது, தழும்பு இன்னும் இருக்கிறது. தகட்டில் விழுந்த கீறலை அழிக்க இன்னொரு மதியம் போனது. சுரண்டி, தேய்த்து, மெருகேற்ற வேண்டும். பென்சிலா, ரப்பர் வைத்து அழிக்க!

வெட்டி முடித்தால் வேலை பாதிதான் முடிந்திருக்கும். தகட்டைச் சூடுகாட்டி மை பூசி, பள்ளத்துக்குள் இறங்கிய பிறகு மேற்பரப்பைத் துணியால் துடைத்து, கடைசியாகச் சுண்ணாம்புத் தூள் தொட்ட உள்ளங்கையால் துடைப்பார்கள். அதிகம் துடைத்தால் பள்ளத்து மையும் வந்துவிடும், குறைவாகத் துடைத்தால் படம் அழுக்காகத் தெரியும். பிறகு ஈரத் தாள், அதன் மேல் கம்பளி, எல்லாவற்றையும் இரண்டு உருளைக்கு நடுவே ஓட்ட வேண்டும். கரும்புச்சாறு பிழிகிற மெஷின்தான், கொஞ்சம் பெரியது. அந்த அழுத்தத்தில் தாள் பள்ளத்துக்குள் இறங்கி மையை எடுத்துக்கொண்டு வரும். பழைய நூலின் படத்தை விரலால் தடவினால் கோடு தட்டுப்படும், தகட்டின் விளிம்பு தாளில் ஒரு பள்ளமாகப் பதிந்திருக்கும். இதுதவிர மெழுகு பூசிய தகட்டில் ஊசியால் கீறி அமிலத்தில் அரிக்கவிடுகிற முறையும் உண்டு. அறிவியல் நூல்களின் தகடுகள் பலவற்றில் இரண்டும் கலந்திருக்கும்.

எழுத்து அச்சுப் பொறியில் இந்தத் தகட்டை ஓட்ட முடியாது. எழுத்து ஒரு இடத்தில், படம் வேறொரு பட்டறையில், வேறு தாளில். அதனால்தான் பழைய நூல்களில் படங்கள் தனித் தாளாகப் பின்னால் சேர்ந்திருக்கின்றன. ‘தகடு 4, படம் 2 பார்க்க’ என்று எழுதும் பழக்கமும் அதிலிருந்து வந்ததே. இது சாதாரணமாகத் தெரியலாம். ஆனால் லண்டனில் இருப்பவரும் உப்சாலாவில் இருப்பவரும் ‘தகடு 4’ என்றால் ஒரே படத்தை, ஒரே கோட்டைப் பார்த்துக்கொண்டு சண்டை போட முடிந்தது. என்னைக் கேட்டால் செதுக்குக்காரர்கள் கொடுத்ததில் பெரியது இதுதான். படம் அழகா, உயிரோட்டமா என்பதெல்லாம் அப்புறம்.

இதற்கு நமக்குப் பக்கத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது: ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ். கொச்சியை டச்சுக்காரர்கள் 1663இல் பிடித்தார்கள். அங்கே 1670 முதல் தளபதியாக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீட் மலபாரின் செடிகொடிகளை எல்லாம் ஆவணப்படுத்தத் தொடங்கினார். சேர்த்தலைப் பக்கத்து ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன் செடிகளையும் மருத்துவக் குணங்களையும் சொன்னார். ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற கொங்கணி வைத்தியர்கள் மூவரும் சேர்ந்தார்கள். சொன்னது மலையாளத்திலிருந்து போர்த்துகீசியத்துக்குப் போய், அங்கிருந்து லத்தீனுக்குப் போனது. நூல் ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வந்தது. செம்புத் தகட்டுப் படங்கள் மட்டும் 790க்கு மேல்.

முதல் தொகுதியின் முதல் படமே தென்னை. ‘தெங்கா’ என்று பெயர் போட்டிருக்கும். சில தாள்கள் தள்ளினால் ‘கரிம்பனா’, அதாவது நம் பனை. படத்திலேயே பெயர் லத்தீன் எழுத்தில், மலையாள எழுத்தில், அரபி எழுத்தில், பலவற்றில் நாகரியிலும் இருக்கிறது. இப்போது ஆம்ஸ்டர்டாமில் உட்கார்ந்திருக்கும் செதுக்குக்காரரை நினைத்துப் பாருங்கள். பனை மரத்தைப் பார்த்ததில்லை. மலையாளம் தெரியாது. கொச்சியிலிருந்து கப்பலில் வந்த ஓவியம் முன்னால் இருக்கிறது. அச்சில் நேராக விழ வேண்டுமென்றால் தகட்டில் எல்லாமே இடவலம் மாறியிருக்க வேண்டும். தனக்குத் தெரியாத மூன்று எழுத்துகளைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி வெட்ட வேண்டும். இட்டி அச்சுதன் தன் கைப்பட எழுதிக்கொடுத்த சான்றையும் அப்படியே தகட்டில் வெட்டி முதல் தொகுதியில் சேர்த்தார்கள். மலையாளத்துக்கு ஈய எழுத்து வார்க்கப்பட்டது 1772இல், ரோமில். அதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்கு முன்பே மலையாள எழுத்தை அச்சில் காட்டியவர்கள், அதைப் படிக்கத் தெரியாத இந்தச் செதுக்குக்காரர்கள்தான்.

தமிழுக்கும் இதே மாதிரி ஒன்று நடந்தது. தமிழுக்கு அச்சு எழுத்து 1578லேயே கொல்லத்தில் இருந்தது, ஆனால் ஆம்ஸ்டர்டாம் அச்சகத்தில் அது ஏது? யாழ்ப்பாணத்தில் பாதிரியாராக இருந்த பால்டேயஸ் 1672இல் ஆம்ஸ்டர்டாமில் தன் நூலை வெளியிட்டபோது தமிழ் எழுத்துகளைச் செம்பில் வெட்டித்தான் காட்ட வேண்டியிருந்தது. செம்பில் தமிழ் வெட்டுவது நமக்குப் புதிதில்லைதான். செப்பேடுகளில் ஆயிரம் ஆண்டுக்கு மேல் வெட்டியிருக்கிறோம். ராஜராஜன் காலத்து ஆனைமங்கலம் செப்பேடு நெதர்லாந்தின் லெய்டனுக்கே போய்ச் சேர்ந்தது. என்ன, அதில் மை தடவித் தாளில் ஒற்றிப் பார்க்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. அந்த ஏடு ஒரே ஒரு பிரதியாக இருப்பதில்தான் அதன் மதிப்பு, அது சாசனம்.

சரி, வான் ரீடுக்கு வருவோம். ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. 1753இல் அவர் உலகத்துத் தாவரங்களுக்கெல்லாம் இரட்டைப் பெயர் வைத்தபோது, பனைக்கும் தாளிப்பனைக்கும் இன்னும் எத்தனையோ மலபார்ச் செடிகளுக்கும் அவர் கைகாட்டியது வான் ரீடின் தகடுகளை. அவற்றில் பலவற்றுக்கு உலர்த்திய மாதிரி எதுவும் அவரிடம் இல்லை. ஆகவே இன்றைக்கும் சில தாவரப் பெயர்களுக்கு ‘இதுதான் அந்தச் செடி’ என்று சட்டப்படி காட்டப்படும் ஆதாரம் ஆம்ஸ்டர்டாமில் வெட்டிய அந்தப் படமே. செடி இல்லை, செடியின் காய்ந்த கிளைகூட இல்லை. நகலெடுத்தவர் ஒரு நரம்பைத் தவறாக வெட்டியிருந்தால் அந்தத் தவறும் ஆதாரத்தில் சேர்ந்திருக்கும்.

இடவலம் மாறுவதைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லிவிடுகிறேன், எனக்குப் பிடித்த சங்கதி. இலை இடவலம் மாறினால் யாருக்கும் நஷ்டமில்லை. சங்கு மாறினால்? சாதாரணச் சங்கை அப்படியே பார்த்துத் தகட்டில் வெட்டினால் அச்சில் வருவது வலம்புரிச் சங்கு! ரெம்ப்ராண்ட் 1650இல் ஒரு கூம்புச் சங்கைத் தகட்டில் கீறினார். கையெழுத்தைத் திருப்பிப் போட மறக்கவில்லை, சங்கைத் திருப்ப மறந்துவிட்டார். அல்லது பொருட்படுத்தவில்லை. அதனால் அச்சில் பெயர் நேராகவும் சங்கின் சுழி எதிர்ப்பக்கமாகவும் இருக்கிறது. ஓவியத்துக்கு இது பரவாயில்லை. ஆனால் 1681இல் சங்கு, சிப்பிகளைப் பற்றி நூல் எழுதிய இத்தாலியப் பாதிரியார் பொனான்னியின் படங்களும் அப்படியே தலைமாறி வந்தன. சுழியின் திசைதான் அடையாளம் என்கிற துறையில் இது சின்னப் பிழையில்லை.

அப்படியானால் செதுக்குக்காரர் வேலை கண்ணை மூடிக்கொண்டு செய்யும் வேலையில்லை என்பது தெரிகிறது. செம்புக்குக் கோடும் புள்ளியும்தான் தெரியும். சாம்பல் நிறம் கிடையாது, பச்சை கிடையாது. எலும்பின் வழவழப்பு, தசையின் நார், யானைத் தோலின் சுருக்கம் எல்லாவற்றையும் கோட்டின் திசை, இடைவெளி, கனம் ஆகியவற்றால் சொல்ல வேண்டும். எதை விடுவது என்பதையும் அவரே முடிவு செய்ய வேண்டும். ஒரே கிளையில் மொட்டும் பூவும் காயும் இருப்பதாகத் தாவரப் படங்களில் பார்த்திருப்பீர்கள். எந்த மரத்திலும் அப்படி ஒரு கிளை கிடைப்பது அரிது. புகைப்படம் காட்டுவது அன்று, அந்த வெயிலில், பூச்சி அரித்த அந்த ஒரு இலையை. தகட்டுப் படம் காட்டுவது அந்த இனத்தை. இன்றைக்கும் புதுத் தாவரம் கண்டுபிடித்தால் கோட்டோவியம் வரைகிறார்களே, காரணம் இதுதான்.

இந்த வேலையின் உச்சம் என்று நான் நினைப்பது லெய்டனில் நடந்தது. அல்பினுஸ் என்ற உடற்கூற்றுப் பேராசிரியரும் யான் வாண்டெலார் என்ற செதுக்குக்காரரும் இருபது ஆண்டுக்கும் மேல் சேர்ந்து வேலை செய்தார்கள். எலும்புக்கூட்டை நிற்க வைத்து, அதன் முன்னால் கயிற்றால் கட்டம் கட்டமாகப் பின்னிய வலையைத் தொங்கவிட்டு, இன்னும் தள்ளி இன்னொரு வலையை வைத்து, எந்த எலும்பு எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று பார்த்து வாண்டெலார் வரைந்தார், பிறகு தானே வெட்டினார். நூல் 1747இல் வந்தது. முழுப் படத்தின் மேல் அ, ஆ என்று குறியெழுத்துப் போட்டால் அழகு கெடும் என்று, வெறும் விளிம்புக் கோடு மட்டும் உள்ள இரண்டாவது தகடு ஒன்றை வெட்டி அதில் எழுத்துகளைப் போட்டார்கள். அதாவது ஒரே படத்துக்கு இரட்டை வேலை.

அந்த நூலில் தோலுரித்த ஒரு மனித உருவத்தின் பின்னால் ஒரு காண்டாமிருகம் மேய்ந்துகொண்டு நிற்கும். அதன் பெயர் கிளாரா. வங்காளத்திலிருந்த டச்சு அதிகாரி ஒருவர் வீட்டில் குட்டியாக வளர்ந்து, 1741இல் நெதர்லாந்துக்கு வந்து, 1758இல் லண்டனில் சாகும் வரை ஐரோப்பா முழுக்கக் காட்சிக்குச் சுற்றிய மிருகம். வாண்டெலார் அதை நேரில் பார்த்து வரைந்தார். இதில் என்ன பெரிய விஷயம் என்றால், அதுவரை ஐரோப்பாவுக்குத் தெரிந்த காண்டாமிருகம் ஜெர்மன் ஓவியர் டியூரருடையது. 1515இல் குஜராத் சுல்தான் கொடுத்த ஒரு காண்டாமிருகம் லிஸ்பனுக்கு வந்து இறங்கியது. டியூரர் அதைப் பார்க்கவில்லை. யாரோ அனுப்பிய ஓவியத்தையும் கடிதத்தையும் வைத்து மரக்கட்டையில் ஒரு படம் போட்டார். உடம்பெல்லாம் இரும்புக் கவசம், தோளுக்கு மேல் முதுகில் இன்னொரு குட்டிக் கொம்பு. படம் அற்புதம், மிருகம் தவறு. அந்த முதுகுக் கொம்பு மரக்கட்டையிலிருந்து 17ஆம் நூற்றாண்டு விலங்கு நூல்களின் செம்புத் தகடுகளுக்கும் ஏறி, இருநூறு ஆண்டுக்கு மேல் வாழ்ந்தது. செதுக்குக்காரர்கள் அறிவைப் பரப்பினார்கள் என்று சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பொய்க் கொம்பையும் அவர்கள் அதே சிரத்தையோடு பரப்பினார்கள். கிளாராவுக்கு அந்தக் கொம்பு இல்லை. வாண்டெலார் படத்திலும் இல்லை.

பரவியதில் பாதி திருட்டு என்பதையும் மறைக்க வேண்டாம். வெசாலியஸின் நூல் வெளிவந்து இரண்டே ஆண்டில், 1545இல், தாமஸ் ஜெமினுஸ் என்பவர் அந்தப் படங்களைச் செம்பில் வெட்டி லண்டனில் ஒரு நூல் போட்டார். வெசாலியஸிடம் யாரும் கேட்கவில்லை. ஆனால் இங்கிலாந்து மருத்துவர்கள் பலருக்கு வெசாலியஸ் வந்து சேர்ந்த வழி அதுவே. பிரான்சில் திதெரோவின் கலைக்களஞ்சியத்துக்காக வெட்டிய தகடுகள், அறிவியல் கழகத்துக்காக ரோமூர் என்ற அறிவியலாளர் முன்பே தயாரித்து வைத்திருந்தவற்றைப் பார்த்து எடுத்தவை என்று 1759இல் பியேர் பாத் என்பவர் பகிரங்கமாகக் குற்றம் சாட்ட, கழகம் விசாரணைக்கே ஆளனுப்பியது. இங்கிலாந்தில் ஓவியர் ஹோகார்த் தன் படங்களை ஆளாளுக்கு வெட்டி விற்பதைப் பொறுக்க முடியாமல் போராடியதில் 1735 முதல் செதுக்குப் படங்களுக்குத் தனிக் காப்புரிமைச் சட்டம் வந்தது.

கலைக்களஞ்சியத்தின் படத் தொகுதிகள் மட்டும் 11, 1762 முதல் 1772 வரை வந்தவை. ஊசி செய்வது, கண்ணாடி ஊதுவது, தோல் பதனிடுவது என்று பட்டறைப் பட்டறையாக இறங்கினார்கள். தாளின் மேல் பாதியில் ஆட்கள் வேலை செய்கிற பட்டறை, கீழ்ப் பாதியில் ஒவ்வொரு கருவியும் தனித்தனியாக, எண் போட்டு. அப்பன் மகனுக்கு மட்டும் காட்டிக்கொடுத்த தொழில் நுணுக்கம் அப்படித்தான் தாளில் இறங்கியது. செம்பு செதுக்கும் தொழிலுக்கும் அதில் தனித் தகடுகள் உண்டு. நான் மேலே சொன்ன உளியும் மெத்தையும் அங்கே அச்சாக இருக்கின்றன.

வரைபடத்துக்குச் செம்பு இன்னொரு விதத்தில் வசதி. புது ஊர் வந்துவிட்டது, ஆற்றின் போக்குத் தவறு என்று தெரிந்தது என்றால் தகட்டைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. முன்பக்கத்தைச் சுரண்டி, பின்பக்கம் அதே இடத்தில் சுத்தியலால் தட்டினால் செம்பு மேலெழும்பிச் சமமாகும், புதிதாக வெட்டிக்கொள்ளலாம். ஒரே தகடு பல பத்தாண்டுகள் திருத்தப்பட்டே வாழும். கம்பெனி காலத்து நில அளவையை வைத்து 1827 முதல் வந்த இந்திய அட்லஸ் தாள்கள் லண்டனில் ஜான் வாக்கர் பட்டறையில் இப்படி வெட்டியவை.

யார் இவர்கள்? பெரும்பாலோர் பெயர் படத்தின் கீழே வலது மூலையில் பொடி எழுத்தில் இருக்கும், அதோடு சரி. பெண்களும் இருந்தார்கள். மார்ட்டின் லிஸ்டரின் சிப்பி நூலில் இருக்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்களை வரைந்து வெட்டியவர்கள் அவருடைய மகள்கள் சூசன்னாவும் அன்னாவும், தொடங்கும்போது சின்னப் பெண்கள். மரியா சிபில்லா மேரியன் செதுக்குக்காரர் மகள். ஐம்பது வயதுக்கு மேல் தென் அமெரிக்காவின் சுரினாமுக்குக் கப்பல் ஏறி, பூச்சிகளின் வாழ்க்கையை வரைந்து, 1705இல் 60 தகடுகளோடு ஆம்ஸ்டர்டாமில் நூல் போட்டார். சில தகடுகளைத் தானே வெட்டினார், மற்றவற்றுக்குக் கூலி கொடுத்து ஆள் வைத்தார். சில பிரதிகளுக்கு அவர் ஒரு தந்திரம் செய்தார். அச்சான தாள் ஈரமாக இருக்கும்போதே அதன் மேல் இன்னொரு தாளை வைத்து ஒற்றி எடுத்தால் கோடு மென்மையாக வரும், தகட்டு விளிம்புப் பள்ளமும் இருக்காது. அதன் மேல் வண்ணம் தீட்டினால் கையால் வரைந்த ஓவியம் போலவே இருக்கும்.

மரியாதை என்று பார்த்தால் ரொம்பக் குறைவு. லண்டனில் 1768இல் ராயல் அகாடமி தொடங்கியபோது செதுக்குக்காரர்களைச் சேர்க்கவில்லை. மறு ஆண்டு ஆறு பேருக்கு இணை உறுப்பினர் என்று ஒரு திண்ணை இடம் கொடுத்தார்கள். முழு உறுப்பினராக 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஊரறிந்த செதுக்குக்காரர் பார்த்தொலோட்சி மட்டும் ‘ஓவியர்’ என்ற பெயரில் உள்ளே போனார்!

தகட்டில் வெட்டினால் மட்டும் அறிவு பரவிவிடாது என்பதற்கும் ஒரு கதை உண்டு. கேப்டன் குக்கின் எண்டெவர் கப்பலில் போன தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸ், ஓவியர் பார்க்கின்சன் வரைந்த செடிகளை வைத்து 18 செதுக்குக்காரர்களை அமர்த்தி 743 தகடுகள் வெட்டவைத்தார். 1784இல் வேலை ஏறக்குறைய முடிந்தது. நூல் வரவில்லை. தகடுகள் லண்டன் அருங்காட்சியகத்தில் கிடந்து, 1980களில்தான் முதல்முறையாக வண்ணத்தில் முழுத் தொகுப்பாக அச்சேறின, அதுவும் நூறு பிரதிகள். அதே பேங்க்ஸ்தான் கம்பெனி மருத்துவர் ராக்ஸ்பர்க் இங்கிருந்து அனுப்பிய சோழமண்டலக் கரைத் தாவரங்களின் ஓவியங்களை 1795 முதல் 300 தகடுகளாக வெளிவரச் செய்தார். அவற்றைப் பெரும்பாலும் வெட்டிய டேனியல் மெக்கன்சி, பேங்க்ஸின் அந்தப் பழைய தகடுகளிலும் வேலை செய்தவர். மூல ஓவியங்களை வரைந்த இந்திய ஓவியர்களின் பெயர் அந்தத் தாள்களில் இல்லை.

ஆடுபானின் ‘அமெரிக்கப் பறவைகள்’ நூலின் தகடுகளுக்கு நேர்ந்தது இதைவிட மோசம். 435 பெரிய தகடுகள், 1827 முதல் 1838 வரை. முதல் பத்தைத் தொடங்கிய எடின்பரோ பட்டறையில் வண்ணம் தீட்டுகிறவர்கள் வேலைநிறுத்தம் செய்ய, வேலை லண்டன் ஹாவெல் பட்டறைக்கு மாறியது. பின்னாளில் தகடுகள் அமெரிக்கா போய்ப் பழைய செம்பு விலைக்கு விற்கப்பட்டன. கனெக்டிகட்டில் ஒரு செம்பு ஆலை உலையில் அவற்றைப் போட்டுக்கொண்டிருந்தபோது மேலாளரின் பதினான்கு வயது மகன், ஒரு தகட்டில் பறவையின் உருவம் தெரிவதைப் பார்த்து நிறுத்தச் சொன்னான். முதலில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எஞ்சியவை சுமார் 80.

கேமரா வந்ததும் இவர்கள் காணாமல் போனார்கள் என்று நினைப்பதும் சரியில்லை. 1839இல் அறிவிக்கப்பட்ட டாகேர் படம் வெள்ளி பூசிய செம்புத் தகடுதான். ஒரு தகடு, ஒரே ஒரு படம், பிரதி எடுக்க வழியில்லை. பிளினியின் காலத்துக்கே திரும்பிப் போன மாதிரி! பாரிஸில் லெரெபூர் உலகத்துக் கட்டடங்களின் டாகேர் படங்களை 1840களில் தொகுப்பாக வெளியிட்டபோது அவற்றைப் பார்த்துச் செதுக்கித்தான் அச்சிட வேண்டியிருந்தது. கேமரா அசைகிறவர்களைப் பிடிக்காததால் தெருக்கள் காலியாக இருந்தன, ஆட்களையும் வண்டிகளையும் செதுக்குக்காரர்களே சேர்த்தார்கள். புகைப்படத்தைப் புள்ளிகளாக உடைத்து எழுத்தோடு சேர்த்து அச்சிடுகிற முறை நடைமுறைக்கு வர 1880கள் ஆயிற்று.

அதற்கும் முன்னால், 1826இல், புகைப்பட முன்னோடி நியெப்ஸ் பிட்டுமென் என்கிற தார் பூசிய வெள்ளீயக் கலவைத் தகடு ஒன்றை வெயிலில் வைத்தார். அதன் மேல் அவர் வைத்த தாள் ஒரு கர்தினாலின் முகம், 17ஆம் நூற்றாண்டுச் செதுக்குப் படம். வெயில் பட்ட இடம் இறுக, படாத கோடுகளைக் கழுவி, அமிலத்தில் அரித்து எடுத்த அந்தத் தகட்டை அச்செடுத்துப் பார்க்க அவர் பாரிஸில் லெமேத்ர் என்பவருக்கு அனுப்பினார். லெமேத்ர் தொழில்முறைச் செதுக்குக்காரர்.